மாற்றுச் சிறுநீரகத்தைக் காக்கும் மாத்திரைகள்: ஒரு வேளையும் தவறக் கூடாதது ஏன்?

பழவேற்காட்டில் ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்ப்போம். ஏரியில் வலை போட்டுப் பிழைக்கும் மகனுக்கு இரத்த அழுத்தம் கவனிக்கப்படாமலே இருந்து, இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுவிட்டன. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். விடியும் முன்பே பொன்னேரிக்குப் பஸ், அங்கிருந்து சென்னைக்கு ரயில். ஒன்றரை வருட அலைச்சலுக்குப் பிறகு உம்மா தம் சிறுநீரகத்தில் ஒன்றை மகனுக்குக் கொடுத்தார். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மகன் மீண்டும் தொழிலுக்குப் போனார்.

இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு மழைக்காலத்தில் மாத்திரை தீர்ந்தது. "உடம்பு நல்லாத்தானே இருக்கு, மழை விட்டதும் வாங்கிக்கலாம்" என்று மூன்று வாரம் ஓடியது. உடம்பில் எந்த வலியும் தெரியவில்லை. அடுத்த முறை இரத்தம் பரிசோதித்தபோது கிரியேட்டினின் இரண்டு மடங்காக ஏறியிருந்தது. உம்மா கொடுத்த சிறுநீரகத்தை அவருடைய உடம்பே தாக்கத் தொடங்கியிருந்தது.

இது குறிப்பிட்ட ஒருவரின் கதை அல்ல. ஆனால் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களைப் பார்க்கும் மருத்துவர்கள் எல்லா ஊர்களிலும் காண்பது இதைத்தான். நன்றாக இயங்கிக்கொண்டிருந்த சிறுநீரகம் வீணாவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, மாத்திரையை விடுவது. நம் குடும்பங்களில் இப்படி ஒருவர் இருந்தால், அவரும் அவரைச் சுற்றியுள்ளவர்களும் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

உடம்பு ஏன் ஏற்றுக்கொள்வதில்லை?

நம் இரத்தத்தில் உள்ள வெள்ளணுக்கள் உடம்புக்குள் வரும் ஒவ்வொன்றையும் "இது நம்முடையதா, அந்நியமா?" என்று சோதிக்கின்றன. கிருமி நுழைந்தால் அழிப்பதும் அவைதான். மாற்றுச் சிறுநீரகம் பெற்ற தாயினுடையதாகவே இருந்தாலும், அந்த அணுக்களின் கணக்கில் அது அந்நியப் பொருள். அதைத் தாக்கி அழிக்க முயலும். இதையே மருத்துவர்கள் ரிஜெக்‌ஷன், அதாவது நிராகரிப்பு என்கிறார்கள்.

உலகில் முதன்முதலாக வெற்றி பெற்ற சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 1954 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்தது. கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டைச் சகோதரர்கள். இருவரின் உடம்பும் ஒரே அச்சு என்பதால் நிராகரிப்பு வரவில்லை. மற்றவர்களுக்கு அந்த வழி இல்லை. வெள்ளணுக்களின் வேகத்தை மருந்தால் குறைத்தால் மட்டுமே சிறுநீரகம் நிலைக்கும் என்ற நிலை.

1960களின் தொடக்கத்தில் அசதியோபிரின் என்ற மருந்து வந்த பிறகே மற்றவர்களுக்கும் வழி பிறந்தது. நம் நாட்டில் 1971-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உயிருடன் இருப்பவரிடமிருந்து சிறுநீரகம் எடுத்துப் பொருத்தும் சிகிச்சை வெற்றிகரமாக நடந்தது. அந்தக் காலத்தில் கையில் இருந்தவை அசதியோபிரினும் ஸ்டீராய்டு மாத்திரையும்தான். பின்னர் நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து சைக்ளோஸ்போரின் எடுக்கப்பட்டு, 1983-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஜப்பானின் ட்சுகுபா பகுதி மண்ணில் வாழும் நுண்ணுயிரியிலிருந்து 1984-ல் டாக்ரோலிமஸ் கண்டுபிடிக்கப்பட்டது. ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து வந்த சிரோலிமஸ் மருந்தை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்த சுரேந்திரநாத் சேகல். ஒரு பிடி மண்ணுக்குள் இத்தனை ஷிஃபாவை அல்லாஹ் வைத்திருக்கிறான்.

இப்போது கொடுக்கப்படும் மருந்துகள்

பெரும்பாலானவர்களுக்கு மூன்று மருந்துகள் சேர்த்துக் கொடுக்கப்படுகின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் வேலை செய்கிறது.

முதலாவது, டாக்ரோலிமஸ். தாக்குதலைத் தொடங்கி வைக்கும் டி செல்கள் என்ற வெள்ளணுக்களுக்குள் கட்டளை போகும் பாதையை இது அடைக்கிறது. மருந்துகளில் இதுவே பிரதானம். வழக்கமாகக் காலையும் இரவும் 12 மணி நேர இடைவெளியில் எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரே வேளை எடுக்கும் வகையும் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. மருத்துவர் சொல்லாமல் ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றக் கூடாது. சிலருக்கு டாக்ரோலிமஸுக்குப் பதிலாக சைக்ளோஸ்போரின் தரப்படும்.

இரண்டாவது, மைக்கோஃபினோலேட். வெள்ளணுக்கள் பெருகுவதை இது தடுக்கிறது. சிலருக்கு இதன் இடத்தில் அசதியோபிரின் தரப்படும்.

மூன்றாவது, பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. அழற்சியை அடக்குகிறது. முதலில் அதிக அளவில் தொடங்கிப் படிப்படியாகக் குறைத்து, சிறிய அளவில் தொடர்வார்கள்.

2007-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 1,645 நோயாளிகளை நான்கு பிரிவாகப் பிரித்து ஒப்பிட்டார்கள். குறைந்த அளவு டாக்ரோலிமஸுடன் மைக்கோஃபினோலேட்டும் ஸ்டீராய்டும் பெற்றவர்களுக்கே நிராகரிப்பு குறைவாகவும் சிறுநீரகத்தின் இயக்கம் மேலாகவும் இருந்தது. இன்று பல மருத்துவமனைகளில் இந்த மூன்றின் சேர்க்கையே வழக்கமாகியிருப்பதற்கு இது ஒரு காரணம்.

"எவ்வளவு நாளைக்கு?" என்பதுதான் குடும்பத்தார் முதலில் கேட்கும் கேள்வி. அந்தச் சிறுநீரகம் உடம்பில் வேலை செய்யும் காலம் முழுவதும் என்பதே பதில். அளவு குறையலாம், மருந்து மாறலாம். நிறுத்தம் என்பது இல்லை. வருடங்கள் கடந்தாலும் வெள்ளணுக்கள் "இது அந்நியம்" என்பதை மறப்பதில்லை.

நிராகரிப்பு எப்படித் தெரியும்?

பெரும்பாலும் தெரியாது. இதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து. சிறுநீர் குறைதல், கால் அல்லது முகம் வீங்குதல், இரண்டு மூன்று நாளில் எடை ஏறுதல், காய்ச்சல், மாற்றுச் சிறுநீரகம் வைத்த அடிவயிற்றில் வலி, இரத்த அழுத்தம் உயர்தல் ஆகியவை அடையாளங்கள். ஆனால் இவை எதுவும் வராமலேயே கிரியேட்டினின் மட்டும் ஏறுவதும் உண்டு. அதனால்தான் "நன்றாக இருக்கிறேன்" என்பதை வைத்து முடிவு செய்யாமல், குறித்த நாளில் இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்கிறார்கள்.

ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் நரம்பு வழியாக ஸ்டீராய்டு ஊசி போட்டும், தேவையானால் வேறு மருந்துகள் கொடுத்தும் பல நேரங்களில் சிறுநீரகத்தை மீட்டுவிட முடிகிறது. மாத்திரையை அடிக்கடி விட்டுவிட்டு எடுப்பவர்களின் உடம்பில் அந்தச் சிறுநீரகத்துக்கு எதிரான பொருள்கள் இரத்தத்திலேயே உருவாகி, மெல்ல மெல்ல அதைத் தழும்பாக்கிவிடும். அந்த வகை நிராகரிப்பை மாற்றுவது கடினம். அடுத்த சிறுநீரகம் பொருந்துவதும் அதனால் கடினமாகும்.

மருந்தின் அளவைப் பார்க்கும் பரிசோதனை

டாக்ரோலிமஸ் இரத்தத்தில் குறைந்தால் நிராகரிப்பு வரும். கூடினால் அதே மருந்து சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, சிறுநீரகத்தைக் கெடுக்கும். இரண்டுக்கும் நடுவே இடம் குறைவு. முதல் மாதங்களில் ஒரு மில்லி லிட்டர் இரத்தத்தில் 8 முதல் 12 நானோகிராம், பிறகு 5 முதல் 8 நானோகிராம் அளவில் பல இடங்களில் வைத்திருக்கப் பார்ப்பார்கள். ஆளுக்கு ஆள் இது மாறும். உங்கள் மருத்துவர் சொல்லும் அளவே உங்களுக்குரியது.

இங்கே நம் பகுதியினர் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. இந்தப் பரிசோதனைக்கு இரத்தம் எடுக்க வேண்டியது காலை மாத்திரை எடுப்பதற்கு முன். முந்தைய இரவு வேளைக்கும் இரத்தம் எடுப்பதற்கும் இடையே சுமார் 12 மணி நேரம் இருக்க வேண்டும். பழவேற்காட்டிலிருந்தோ பொன்னேரியிலிருந்தோ சென்னைக்குக் கிளம்புகிறவர், வழியில் தவறிவிடக் கூடாதே என்று வீட்டிலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டு போனால், அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். அதை நம்பி மருந்தைக் குறைத்தால் ஆபத்து. ஆகவே பரிசோதனை நாளில் மாத்திரையைப் பையில் எடுத்துச் செல்லுங்கள். இரத்தம் கொடுத்த உடனே போட்டுக்கொள்ளுங்கள். முந்தைய இரவு எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்பதையும் பரிசோதனைக்கூடத்தில் சொல்லுங்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால், நினைவு வந்ததும் எடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிட வேண்டும். இரண்டு வேளையையும் சேர்த்துப் போடக் கூடாது. மாத்திரை போட்ட சிறிது நேரத்தில் வாந்தி வந்தாலோ, ஒரு நாளுக்கு மேல் வயிற்றுப்போக்கு நீடித்தாலோ மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிக் கேளுங்கள். வயிற்றுப்போக்கின் போது டாக்ரோலிமஸ் இரத்தத்தில் கூடிவிடுவது உண்டு.

மற்ற மருந்துகளோடு மோதல்

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்கு மருந்துக்கடையில் "ஜுரத்துக்கு ஒண்ணு, வலிக்கு ஒண்ணு" என்று வாங்கித் தரும் பழக்கத்தை அந்த வீட்டில் அடியோடு நிறுத்த வேண்டும்.

வலி மாத்திரைகளில் டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் வகைகள் சிறுநீரகத்தை நேரடியாகப் பாதிக்கும். வலியும் காய்ச்சலும் வந்தால் பாராசிட்டமால் போதும். காய்ச்சல் என்றால் அதோடு நிற்காமல் அன்றே மருத்துவரிடமும் சொல்ல வேண்டும்.

கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக், ஃப்ளூகோனசோல் போன்ற பூஞ்சைக்கொல்லிகள், டில்டியாசெம், வெராபமில் என்ற இரத்த அழுத்த மருந்துகள் ஆகியவை டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும்.

காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாய்ன், கார்பமசெபின் ஆகியவை அளவை வெகுவாக இறக்கிவிடும். காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில் இது சிறிய விஷயம் அல்ல. காசநோய் மாத்திரை தொடங்கும் முன்பே சிறுநீரக மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.

யூரிக் ஆசிட் குறைக்கத் தரும் அலோபியூரினாலை அசதியோபிரினோடு சேர்த்தால் இரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும்.

தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 முதல் நடத்தும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வருகின்றன. கொண்டு வருபவரிடம் "இவருக்குக் கிட்னி மாற்றியிருக்கிறது" என்று சொல்லி, மருந்துச் சீட்டைக் காட்டுங்கள். பல் மருத்துவர் ஆனாலும் கண் மருத்துவர் ஆனாலும் இதே முறைதான்.

கைமருந்துகளைப் பற்றியும் மனம் திறந்து பேச வேண்டும். கருஞ்சீரகத்தின் சிறப்பை நாம் அறிவோம். அதன் மீதுள்ள நம்பிக்கையால் நம் வீடுகளில் அதைத் தினமும் எடுப்பவர்கள் உண்டு. முயல்களை வைத்து நடந்த ஆய்வில், கருஞ்சீரகம் சைக்ளோஸ்போரின் உடலில் சேரும் அளவைக் குறைத்தது. ஆகவே மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் அதையும் மருத்துவரிடம் சொல்லாமல் எடுக்கக் கூடாது. சீந்தில் முதலான "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" கஷாயங்களின் நோக்கமே இந்த மாத்திரைகளின் நோக்கத்துக்கு நேர் எதிரானது. நோய்க்கு மருந்து செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் வலியுறுத்தியிருக்கிறார்கள். ஒரு மருந்து மற்றொன்றைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வதும் அதில் அடங்கும்.

பழங்களில் பம்ப்ளிமாஸ், கிரேப்ஃப்ரூட் இரண்டும் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றும் என்பதால் அவற்றை அறவே தவிர்க்க வேண்டும்.

மருந்து தரும் தொந்தரவுகள்

எதிர்ப்பாற்றலை அடக்குவதற்கு விலை உண்டு. கிருமித் தொற்று எளிதில் வரும். முதல் ஆறு மாதம் அதிகக் கவனம் தேவை. அதனால்தான் ஆரம்ப மாதங்களில் தொற்றைத் தடுக்கும் மாத்திரைகளையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். டாக்ரோலிமஸால் கை நடுக்கம், தலைவலி, இரத்தத்தில் பொட்டாசியம் கூடுதல், புதிதாகச் சர்க்கரை நோய் ஆகியவை வரலாம். மைக்கோஃபினோலேட்டால் வயிற்றுப்போக்கு வரலாம். ஸ்டீராய்டால் முகம் உப்புதல், பசி கூடுதல், எலும்பு தேய்தல் ஆகியவை வரலாம். சைக்ளோஸ்போரின் எடுப்பவர்களுக்கு ஈறு தடித்து, முடி அதிகமாக வளர்வது உண்டு. இளம்பெண்கள் இதற்காகவே சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். மருந்தை மாற்றித் தர வழி இருக்கிறது. வெட்கப்படாமல் சொன்னால் போதும். நீண்ட காலத்தில் தோல் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய் போன்றவற்றின் வாய்ப்பும் கூடுகிறது. ஆறாத புண், கட்டி எதையும் அலட்சியம் செய்யக் கூடாது.

குழந்தைப் பேற்றை எதிர்பார்க்கும் சகோதரிகளுக்கு ஒரு முக்கியச் செய்தி. மைக்கோஃபினோலேட் வயிற்றில் உள்ள சிசுவுக்கு ஊனத்தை உண்டாக்கக் கூடியது. கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஆறு வாரத்துக்கு முன்பே அதை நிறுத்தி வேறு மருந்துக்கு மாற்ற வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பின் குறைந்தது ஒரு வருடமாவது காத்திருக்கச் சொல்வார்கள். திட்டமிட்டுச் செய்தால் மாற்றுச் சிறுநீரகத்தோடு நலமாகப் பிள்ளை பெற்றவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

ஏரிக்கரையில் வாழ்பவர்களுக்கு

பழவேற்காடு ஏரி உவர்நீர் ஏரி. கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கும் இத்தகைய வெதுவெதுப்பான நீரில் விப்ரியோ என்ற கிருமி வகைகள் வாழ்கின்றன. சாதாரண மனிதருக்குப் பெரும்பாலும் தீங்கு செய்யாத இவை, எதிர்ப்பாற்றல் குறைந்தவரின் உடம்பில் சிறு கீறல் வழியே நுழைந்தாலும் சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகலாம். ஆகவே காலிலோ கையிலோ வெட்டு, கொப்புளம் இருக்கும்போது ஏரியில் இறங்க வேண்டாம். மீன் முள், நண்டுக் கொடுக்கு, சிப்பி கிழித்தால் உடனே நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். சிவந்து வீங்கினால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். முதல் மாதங்களில் ஏரித் தொழிலுக்குத் திரும்புவதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

மீன், இறால், நண்டு சாப்பிடத் தடை இல்லை. நன்றாக வெந்திருக்க வேண்டும். கருவாட்டில் உப்பு அதிகம் என்பதால் இரத்த அழுத்தத்துக்காக அதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். குடிநீரைக் காய்ச்சிக் குடிப்பது நல்லது.

வடகிழக்குப் பருவமழை நம் கிராமங்களுக்குத் தனிச் சோதனை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் வெள்ளத்தில் ஆழ்த்தியதை நாம் மறக்கவில்லை. சாலை துண்டிக்கப்பட்டால் மாத்திரை வாங்கப் போக முடியாது. எனவே ஐப்பசி பிறக்கும் முன்பே குறைந்தது இரண்டு வார மாத்திரை கூடுதலாகக் கையில் இருக்கும்படி மருத்துவரிடம் கேட்டு வாங்கி வையுங்கள். ஈரம் படாத டப்பாவில், அட்டையிலிருந்து பிரிக்காமல் வைக்க வேண்டும். மருந்துச் சீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவரின் கைப்பேசிக்கும் அனுப்பி வைத்தால் நெருக்கடியில் உதவும்.

நோன்பும் ஹஜ்ஜும்

ரமளான் நெருங்கும்போது இந்த நோயாளிகளின் மனம் படும் வேதனையை நாம் அறிவோம். நோயாளிக்கு அல்லாஹ் தந்திருக்கும் சலுகை திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் 184, 185-வது வசனங்களில் தெளிவாக இருக்கிறது. அந்தச் சலுகையை எடுப்பது குறைவான ஈமான் அல்ல.

மருத்துவ ரீதியாக நிலைமை இதுதான். அறுவை சிகிச்சை நடந்த முதல் வருடத்தில் நோன்பு வைக்க மருத்துவர்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை. சிறுநீரகத்தின் இயக்கம் குறைந்தவர்கள், சர்க்கரை கட்டுப்படாதவர்கள், அண்மையில் நிராகரிப்போ தொற்றோ வந்தவர்கள் வைக்கக் கூடாது. நீண்ட நாளாகச் சிறுநீரகம் சீராக இயங்கும் சிலர் மருத்துவர் கண்காணிப்பில் பாதிப்பின்றி நோன்பு வைத்திருப்பதை மேற்காசிய நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் பகுதியில் நோன்பு நேரம் பருவத்தைப் பொறுத்துப் பன்னிரண்டரை மணியிலிருந்து 14 மணி வரை. ஆகவே ஸஹரிலும் இஃப்தாரிலும் மாத்திரை எடுப்பது 12 மணி இடைவெளிக்கு ஓரளவு பொருந்தும். சிக்கல் மாத்திரையைவிடத் தண்ணீரில்தான் இருக்கிறது. வெயில் காலத்தில் உடம்பு வறண்டால், டாக்ரோலிமஸால் ஏற்கெனவே சுருங்கியிருக்கும் சிறுநீரக இரத்தக் குழாய்கள் மேலும் பாதிக்கப்படும்.

எனவே ரமளானுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். அவர் அனுமதித்தால், இடையில் ஒரு முறை கிரியேட்டினினும் மருந்து அளவும் பார்த்துக்கொள்ளுங்கள். கொழுப்பு அதிகமான உணவோடு எடுத்தால் டாக்ரோலிமஸ் உடம்பில் சரியாகச் சேராது. இஃப்தாரில் தண்ணீரோடு மாத்திரையை எடுத்து, ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடுவது நல்லது. ஸஹரிலும் இதே போல முன்கூட்டியே எழுந்துகொள்ள வேண்டும். பேரீச்சம்பழத்திலும் இளநீரிலும் பொட்டாசியம் அதிகம். எவ்வளவு சாப்பிடலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீர் குறைந்தாலோ தலைசுற்றல் வந்தாலோ நோன்பை விட்டுவிட வேண்டும். மருத்துவர் கூடாது என்றால், களாவா ஃபித்யாவா என்பதை ஆலிமிடம் கேட்டுச் செய்வோம். நோன்புக்காக மாத்திரையை ஒரு வேளையாக நீங்களே சுருக்குவது மட்டும் எந்த நிலையிலும் கூடாது.

கேப்ஸ்யூல் உறையில் உள்ள ஜெலட்டின் பற்றியும் சிலர் தயங்குகிறார்கள். 1995-ல் குவைத்தில் இஸ்லாமிய மருத்துவ அறிவியல் அமைப்பு நடத்திய கருத்தரங்கில், முற்றிலும் வேறு பொருளாக மாறிவிட்ட ஜெலட்டின் ஆகுமானது என்ற கருத்து வெளியிடப்பட்டது. மாற்றுக் கருத்துடைய அறிஞர்களும் உயிர் காக்கும் நிர்ப்பந்தத்தை ஏற்கிறார்கள். சந்தேகம் இருந்தால் ஆலிமிடம் கேளுங்கள். பதில் வரும் வரை மாத்திரையை நிறுத்தாதீர்கள். உறுப்பு தானம் பற்றியும், நிபந்தனைகளோடு அது கூடும் என்று 1988 பிப்ரவரியில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்திருக்கிறது.

ஹஜ், உம்ரா செல்பவர்கள் மருந்து முழுவதையும் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். மருந்துச் சீட்டும் மருத்துவரின் கடிதமும் கூடவே இருக்கட்டும். சவூதி நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி பின்தங்கியது. அங்கே எந்த மணிக்கு எடுப்பது என்று முன்பே எழுதி வாங்குங்கள். ஹஜ்ஜுக்குத் தேவையான மெனிஞ்சைடிஸ் தடுப்பூசியும், ஃப்ளூ தடுப்பு ஊசியும் உயிருள்ள கிருமியால் செய்யப்பட்டவை அல்ல என்பதால் போட்டுக்கொள்ளலாம். அம்மை வகைத் தடுப்பூசிகள், வாய்வழி போலியோ சொட்டு மருந்து போன்ற உயிருள்ள தடுப்பு மருந்துகளை இவர்கள் எடுக்கக் கூடாது.

பணமும் உதவியும்

வாழ்நாள் முழுவதும் மருந்து என்றதும் ஏழைக் குடும்பம் கலங்குவது இயல்பு. தமிழ்நாட்டில் அதற்கு வழி இருக்கிறது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும், நம் பகுதியினர் எளிதில் போகக்கூடிய வட சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தச் சிகிச்சை அடங்கும். அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்களுக்கு நிராகரிப்பைத் தடுக்கும் மாத்திரைகள் இலவசமாக வழங்கப்படுகின்றன. தனியாரிடம் சிகிச்சை பெற்று, இப்போது மருந்து வாங்க முடியாமல் தவிப்பவர்கள் மாத்திரையை நிறுத்தும் முன் தங்கள் மருத்துவரிடம் நிலைமையைச் சொல்லி, அரசு மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவிலும் விசாரிக்க வேண்டும். விலை குறைந்த வேறு கம்பெனி மாத்திரைக்கு மாறலாம். ஆனால் மருத்துவருக்குத் தெரிந்து மாற வேண்டும். மாறிய பிறகு இரத்தத்தில் அளவு பார்க்க வேண்டும். மாதத்துக்கு ஒரு கம்பெனி என்று மாற்றிக்கொண்டே இருக்கக் கூடாது.

நம் ஜமாஅத்துகளும் இதில் செய்ய முடிந்தது நிறைய. அறுவை சிகிச்சைக்குப் பெரும் தொகை திரட்டித் தருகிறோம். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தை மறந்துவிடுகிறோம். மாதம் ஒரு முறை சென்னை போய் வரும் பயணச் செலவு, பரிசோதனைக் கட்டணம், மழைக்காலத்தில் மருந்து வாங்கி வர ஓர் இளைஞர். இவ்வளவு செய்தாலே கொடுக்கப்பட்ட சிறுநீரகம் நிலைக்கும்.

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் என்ற இளைஞர் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, மருத்துவர்களான அவருடைய பெற்றோர் உறுப்புகளைத் தானமாகக் கொடுத்தார்கள். தமிழகம் முழுவதும் உறுப்பு தானம் பற்றிப் பேச வைத்த நிகழ்வு அது. இன்று மாநிலத்தில் பலர் முகம் தெரியாதவர் கொடுத்த சிறுநீரகத்தோடு வாழ்கிறார்கள். இன்னும் பலர் பெற்ற தாயோ மனைவியோ உடன்பிறந்தவரோ கொடுத்ததோடு வாழ்கிறார்கள். யார் கொடுத்திருந்தாலும் அது ஓர் அமானிதம். காலையும் இரவும் நேரம் தவறாமல் எடுக்கும் மாத்திரையே அந்த அமானிதத்தைப் பேணும் வழி.

நம் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இன்று இரவு ஒரு கேள்வி கேட்போம்: "மாத்திரை போட்டாச்சா? இன்னும் எத்தனை நாளுக்கு இருக்கு?"

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை வழங்குவானாக. ஆமீன்.